மூன்றுக்கு ஒன்று

கல்லூரியில் அவருக்குப் பேராசிரியர் என்று பேர். குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் சபாநாயகர் என்று பேர். இரண்டாவது பேரை வைத்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். மேலே பிள்ளைகள் "ஆதரவு! எதிர்ப்பு!" என்று கூச்சல் போடுவதும், யாரோ மேசையைத் தட்டி அடக்குவதும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் "மேல சபை கூடிருச்சு, சபாநாயகர் வந்துட்டாரு" என்று வாய்விட்டுச் சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பேராசிரியர் வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

அவர் நடத்திய பாடம் அரசியல் கோட்பாடு. அரசு எங்கிருந்து வந்தது, அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும், பெரும்பான்மை சொல்வதெல்லாம் நியாயமாகிவிடுமா என்கிற கேள்விகள். மற்ற ஆசிரியர்கள் கைடு புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அப்படியில்லை, வகுப்பில் வெளுத்து வாங்குவார். பிள்ளைகள் கொட்டாவி விட மறந்துபோவார்கள். "இதெல்லாம் செத்துப்போனவங்க எழுதி வச்ச பழங்கதைன்னு நினைக்காதீங்க. இன்னைக்குக் காலைல உங்க வீட்டுல டிவி ரிமோட் யார் கைல இருந்துச்சு? அங்கதான் அரசியல் ஆரம்பிக்குது" என்பார்.

சொன்னதோடு விட்டிருந்தால் தேவலை. வீட்டிலும் அதை நடத்திக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் சபை கூடும். உறுப்பினர்கள் நான்கு பேர்: அவர், அவர் மனைவி, மகன், மகள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, விடுமுறைக்கு எங்கே போவது, பூனை வளர்ப்பதா வேண்டாமா, எல்லாம் ஓட்டெடுப்பில்தான் முடிவாகும். பேச விரும்புகிறவர்கள் பேசலாம், குறுக்கே பேசக் கூடாது. பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுக்கப்படும். ஆதரவென்றால் சரி, எதிர்ப்பென்றால் பெருக்கல் குறி போட வேண்டும். ரகசியம் காக்க எல்லோருக்கும் ஒரே நீலப் பென்சில். மடித்த சீட்டு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டும் தலைவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து தன் முடிவைச் சொல்ல வேண்டும். தலைவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பதவிக்கு மட்டும் அந்த வீட்டில் தேர்தலே நடந்ததில்லை.

அந்த வீட்டில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அவருடைய அக்கா.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தார். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அவர்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, தம்பியும் பேசியதில்லை. தம்பிக்குக் கல்யாணமாகி மகன் பிறந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். சபை தொடங்கியபோது அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. "எனக்கு எதுக்குடா ஓட்டு? இருக்கிற நாள்ல நான் எண்ணிக் குடுக்கிறேன். எண்றதுக்கு வெளியாள் ஒருத்தர் வேணும்ல" என்று சிரித்தார். தம்பிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சார்பில்லாத தேர்தல் அதிகாரி! இந்த ஏற்பாட்டை வகுப்பில் கூட ஒருமுறை உதாரணமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து சீட்டு வெட்டுவது அக்கா, டப்பாவைத் திறப்பது அக்கா, முடிவை அறிவிப்பதும் அக்கா. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் பேசுகிற அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், "ஆதரவு மூணு, எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பணி ஓய்வு பெற்று முழுநேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும், அவருக்கு ஓட்டு வேண்டுமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வழக்கம் அப்படி.

வயதாக ஆக அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் காதை வைத்தே பிழைத்தவர். டிவி சத்தம் ஏறியது, பேச்சுச் சத்தமும் ஏறியது. பேராசிரியரைப் பார்க்க யாராவது வந்தால், உள்ளேயிருந்து "யாருடா அது? கடன் கேட்டு வந்தானே, அவனா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார். வந்தவர் துறைத்தலைவராகவே இருந்துவிட்டால் பேராசிரியருக்குத் தரையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். அக்காவும் தம்பி மனைவியும் நாள் தவறாமல் உரசிக்கொள்வார்கள். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வீடு திரும்பினால், டப்பாக்களின் மூடி மாறியிருக்கும், பாத்திரங்கள் இடம் மாறியிருக்கும். "அண்ணி, இதை எங்க வச்சீங்க?" என்று அவள் கத்த, "எதை?" என்று அக்கா அதைவிடப் பலமாகக் கத்த, வீடு இரண்டுபடும்.

ஒருநாள் அக்கா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, போய்த் தூங்கிவிட்டார். நல்லவேளையாக மனைவி சீக்கிரம் வந்தாள். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். மகனுக்கு அது பெரிய தேர்வு நெருங்கிய நேரம். வீட்டில் இருந்ததோ இரண்டே அறை, அதில் ஒன்று அத்தையுடையது. அடுத்த சபைக்கு அவன்தான் தீர்மானம் கொண்டுவந்தான்: அத்தையை ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது.

பேராசிரியர் முதலில் திகைத்தார். பிறகு, தீர்மானத்தை நிராகரிக்கத் தலைவருக்கு அதிகாரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்கு மேல் அவர் செய்ததெல்லாம் வாசகத்தைத் திருத்தியது மட்டும்தான். "அத்தையின் நலனையும் பாதுகாப்பையும் முன்னிட்டு" என்று முன்னால் சேர்த்தார். பூசி மெழுகுவதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

சனிக்கிழமை மாலை அக்காவிடம் போய் உட்கார்ந்து, பக்குவமாக எடுத்துச் சொன்னார். "உனக்கு என்ன தோணுதுக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணுங்கடா" என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மௌன சம்மதம் என்று ஒரு கோட்பாடு உண்டு. ஒரு நாட்டின் சாலையில் நடக்கிறவன், அதன் சட்டத்துக்கு வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சம்மதித்தவனே என்று அது சொல்லும். வேறு போக்கிடம் இல்லாதவனின் மௌனத்தை எப்படிச் சம்மதம் என்பது என்று அதே கோட்பாட்டை வருடா வருடம் வகுப்பில் கிழித்துத் தொங்கவிடுபவர் அவர். அந்த வாரம்கூட அவர் நடத்தியது அறியாமைத் திரை பற்றிய பாடம். ஒரு சமூகத்துக்கு விதிகள் எழுதும்போது, அதில் நீ யாராகப் பிறக்கப்போகிறாய் என்று உனக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது. அப்போதுதான் நியாயம் பிறக்கும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்தவருக்கு மட்டும் அதில் ஒரு வரி ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்கா கத்தரிக்கோலும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் வெட்டுக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, "நாலா, அஞ்சா?" என்றார்.

சத்தமாகத்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"வழக்கம் போலத்தான்க்கா" என்றார் பேராசிரியர்.

அக்கா நான்கு வெட்டினார்.

மகன் பேசினான். மகள் தலையைக் குனிந்துகொண்டு, பேச ஒன்றுமில்லை என்றாள். மனைவியும் பேச ஒன்றுமில்லை என்றாள். பேராசிரியர் இரு பக்க நியாயங்களையும் அழகாக எடுத்து வைத்து, கடைசியில் எந்தப் பக்கமும் சாயாமல் முடித்தார்.

பென்சில் அவர் கைக்கு வந்தபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். மகன் ஆதரவு, அதில் சந்தேகமில்லை. மனைவியும் ஆதரவுதான், அடுப்பு விஷயத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். மகள் அத்தை செல்லம், எதிர்ப்பாள். தானும் எதிர்த்தால் சமமாகிவிடும். சமமானால் தலைவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். 'இருக்கட்டும்' என்று சொன்னால் மனைவியின் முகத்தையும் மகனின் முகத்தையும் பார்த்தாக வேண்டும், அக்கா போடும் சத்தத்தை இன்னும் எத்தனை வருடம் தாங்க வேண்டுமோ. 'போகட்டும்' என்று சொன்னால் அக்காவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். எழுந்து நிற்காமல் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. சரி குறியைப் போட்டு மடித்து டப்பாவுக்குள் போட்டார்.

அக்கா சீட்டுகளைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆதரவு மூணு, எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு."

அதே குரல்தான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இல்லம் சுத்தமாக இருந்தது. நீளமான கூடம், சன்னலோரம் கட்டில்கள், மூலையில் யாரும் பார்க்காத டிவி. மாதத்தில் ஒரு ஞாயிறு பேராசிரியரும் மனைவியும் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பிள்ளைகள் முதலில் கூட வந்தார்கள், பிறகு பிள்ளைகளுக்கு வேலை வந்துவிட்டது. சபையும் அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு கூடவில்லை. கலைப்பது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. டப்பாவை எடுத்து வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உறவுக்காரர்களுக்கு இதெல்லாம் ஓட்டுப்போட்டு முடிவான விஷயம் என்பது தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். வந்தவள்தான் நாத்தனாரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்று வாய்க்கு வாய் பேசினார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். மனைவி தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள். பக்கத்தில் இருந்த பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

முதல் வருடத்தில் ஒருநாள் இல்லத்துக்குப் போனபோது, அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கமான உரத்த குரலில், கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி பேசினார். "அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீதான்டா. நீ என்னை விட மாட்டே. மூணு பேருக்கு நடுவுல நீ என்னதான் பண்ணுவே, பாவம்."

பேராசிரியர் வாயைத் திறந்தார். உண்மையாகவே திறந்தார். ரகசிய வாக்கு, யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற விதி அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

அக்கா மனைவியின் பக்கம் திரும்பினார். "உன் மேல எனக்குக் கோபமே இல்லைம்மா. உனக்கும் வேலை, வீடுன்னு எத்தனை இருக்கு. நான் உன் இடத்துல இருந்திருந்தா நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்."

"சரி அண்ணி" என்றாள் மனைவி. அக்காவின் கலைந்த போர்வையைச் சரிசெய்தாள்.

திரும்பும்போது பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆதரவாக ஓட்டுப் போட்டவளுக்கு இன்று உறுத்தியிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார். மகள் போட்ட ஓட்டுக்குக் கிடைத்த நல்ல பேரைத் தான் வாங்கிக்கொண்டோமே என்பதில் அவருக்கும் உறுத்தல்தான். ஆனால் மகள் சின்னப் பெண், இதையெல்லாம் பொருட்படுத்த மாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அக்கா அதையே சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். "இவன்தான் என் தம்பி. எனக்காக எதிர்த்து ஓட்டுப் போட்டவன்." அந்த மூதாட்டிகள் அவரை மரியாதையாகப் பார்ப்பார்கள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிப் பழகிவிட்டார்.

நான்காவது வருடம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மகள் அப்பாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அதற்குள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள், பெரிய பெண். கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"என்னை மன்னிச்சிருங்கப்பா. நீங்க ஒருத்தர்தான் அத்தைக்காகப் போட்டீங்க. நான் போகட்டும்னு போட்டேன். அண்ணன் அவனோட பழைய லேப்டாப்பைத் தர்றேன்னு சொன்னான்ப்பா. எப்படியும் நீங்களும் அம்மாவும் எதிர்த்துப் போடுவீங்க, சமமாயிரும், கடைசில நீங்க எழுந்து நின்னு அத்தை இங்கதான் இருக்கணும்னு சொல்லிருவீங்கன்னு நினைச்சேன். அந்தத் தைரியத்துலதான் போட்டேன்."

பேராசிரியர் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குத் தடவியது. மகன் ஆதரவு. மகள் ஆதரவு. தான் ஆதரவு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அங்கே எழுந்து போகத் துணிவில்லை. இல்லத்தில் நின்றுகொண்டு, தான் போட்ட ஓட்டைப் புருஷன் போட்டதாக அக்கா பாராட்டுவதையும், தான் செய்யாத தப்புக்குத் தன்னை மன்னிப்பதையும் அவள் கேட்டிருக்கிறாள். சரி அண்ணி என்றிருக்கிறாள். ஒருதடவை இல்லை, மூன்று வருடத்துக்கு மேல், போகும்போதெல்லாம். புருஷன் தலையை ஆட்டுவதையும் பார்த்திருக்கிறாள்.

அவர் அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. தள்ளிப்போடுவதில் நம் ஆள் கைதேர்ந்தவர். மாதங்கள் ஓடின. பணி ஓய்வுக்கான நாள் வந்தது. கல்லூரியில் ஒரு கடைசிச் சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தார்கள். தலைப்பு அவரே கொடுத்ததுதான்: 'நவீன அரசியல் கோட்பாடுகளும் அவற்றின் இன்றைய பொருத்தமும்'. மனைவி மருந்துக்கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பேசி அவள் கேட்பது அதுவே முதல் தடவை.

நன்றாகத்தான் பேசினார். ஒப்பந்தம், உரிமை, சமத்துவம் என்று வரிசையாகப் போனார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், மக்கள் ஓட்டுப்போட்டு முடிவு பண்ணலாம்னு சொல்றோம். ஆனா அந்த மக்கள் யாரு, யாருக்கெல்லாம் ஓட்டுன்னு யார் முடிவு பண்றது? அதுக்கும் ஓட்டெடுப்பு நடத்த முடியாதே?"

பாடப்புத்தகத்தில் இதற்கு வசதியாக ஒரு பதில் உண்டு. அவர் அதைச் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு நண்பர் இருந்தார்" என்று ஆரம்பித்தார். மேசை, டப்பா, நீலப் பென்சில், நாலா அஞ்சா என்று கேட்ட அக்கா, எல்லாவற்றையும் சொன்னார். "என் நண்பர் எல்லாக் கோட்பாட்டையும் படிச்சவர். ஒரு காகிதத்தைக் கூடுதலா வெட்டச் சொல்லத் தெரியலை அவருக்கு. இந்தப் பாடமெல்லாம் இன்னைக்குப் பொருந்துமான்னு கேட்டா, பொருந்தும். பொருந்திடுமோங்கிற பயத்துலதான் நாம அதை வகுப்புக்குள்ளயே பூட்டி வச்சிருக்கோம்." நண்பர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதையும் சொல்லிவிட்டார். நண்பரின் மனைவி எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். தன் பேரைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கைதட்டினார்கள்.

வாசலில் மாலையையும் நினைவுப் பரிசையும் பையில் போட்டுக்கொண்டு, இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. மனைவி பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க நண்பர் இப்ப நல்லாயிருக்காரா?" என்று கேட்டாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் எதிர்த்துப் போட்டே? தினமும் அக்காவோட சண்டைதானே உனக்கு?"

"சண்டை போட்டா வீட்டை விட்டு அனுப்பிருவாங்களா? அப்ப என்னைத்தான் முதல்ல அனுப்பியிருக்கணும்" என்றாள். "அன்னைக்கு அடுப்பைத் திறந்து வச்சிட்டுத் தூங்கினாங்களே, நான் பயந்துதான் அழுதேன். அவங்களுக்கு ஏதாவது ஆயிருக்குமேன்னு. உங்க யாருக்கும் அது புரியலை. எழுந்து சொல்லியிருக்கணும் நான். நீங்க எப்படியும் இருக்கட்டும்னுதான் சொல்வீங்கன்னு இருந்துட்டேன்."

"அக்காகிட்டயாவது நீ சொல்லியிருக்கலாமே? அந்த ஓட்டு உன்னோடதுன்னு. ஒருதடவையாவது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"சொல்லியிருந்தா என்னாகும்? எனக்கு நல்ல பேர் வரும். அவங்களுக்குத் தம்பி இல்லாமப் போயிருவான். அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதானே. அதையும் நான் எடுத்துக்கிட்டு வரணுமா?"

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகை வரவில்லை. வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. "உறவுல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். யார் போட்டதுன்னு. இந்த வாரமே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார்.

"எனக்காகச் சொல்றதா இருந்தா வேண்டாம். எனக்குப் பழகிருச்சு" என்றாள். "நீங்க சொல்ல வேண்டியது ஒருத்தர்கிட்டதான். அண்ணிக்குக் கடைசில காது சுத்தமாக் கேக்கலை. நீங்க தைரியமாச் சொல்லியிருக்கலாம்."

பேருந்து வந்தது. மனைவி முதலில் ஏறி, அவருக்கும் ஒரு இடம் பிடித்து வைத்தாள்.